தென்கோளத் தேளீக்களும் கண்டங்களின் வரலாறும்
நன்னோகொறிஸ்ரிடே குடும்பம் பற்றிய ஒரு கருத்துநிலை வரலாற்றுக் குறிப்பு

1917ஆம் ஆண்டு, வரலாற்றில் வேறு காரணங்களுக்காக நினைவுகூரப்படும் அந்த ஆண்டிலே, நியூ சவுத் வேல்ஸ் லின்னேயச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதியில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவுஸ்திரேலியாவின் நான்கு சிறிய பூச்சியினங்களைப் புதிய சாதி ஒன்றுள் வைத்து, அச்சாதிக்கெனப் புதிய குடும்பம் ஒன்றையும் அது நிறுவிற்று. பின்னிணைப்பில் நியூசிலாந்திலிருந்து ஐந்தாவது இனமொன்றும் விவரிக்கப்பட்டிருந்தது. எழுதியவர் றொபின் ஜோன் ரில்யாட். குடும்பத்தின் பெயர் நன்னோகொறிஸ்ரிடே.

தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்பூச்சிகளைப் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் கூறவேண்டும். கடல்கொண்ட குமரிக்கண்டம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என ஆராயப் புகுந்தவேளை, அது சங்க இலக்கிய உரைகளில் மாத்திரம் வேர்கொண்டதன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியலாளர் விலங்குகளின் பரம்பலை விளக்க எடுத்த முயற்சியிலும் வேர்கொண்டது என்பது புலனாயிற்று. அந்த முயற்சியைத் தொடர்ந்து சென்றால் கண்டங்கள் உண்மையில் என்ன செய்தன என்ற வினாவுக்கு வந்து சேர்கின்றோம். அவ்வினாவுக்குச் சான்று சொல்ல அழைக்கப்பட்ட பல சிற்றுயிர்களுள் இத்தேளீக்களும் அடங்கும். சான்று சொல்லப்பட்ட முறையும், அச்சான்று பின்னர் திருத்தப்பட்ட முறையும் எங்கள் துறைக்கும் பயன்தருவன என்ற எண்ணத்திலேயே இக்குறிப்பு எழுதப்படுகின்றது.

முதலிற் பூச்சியை அறிந்துகொள்வோம். தேளீக்கள் அடங்கும் மெக்கொப்ரெறா வருணத்தில் இன்று 600க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவை. ஏனைய குடும்பங்கள் ஒவ்வொன்றும் சில இனங்களோடு முடிந்துவிடுகின்றன. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட பனோர்ப்பா என்னும் சாதியின் ஆண்பூச்சியில் வயிற்று நுனி பருத்து, தேளின் கொடுக்குப்போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அது இனப்பெருக்க உறுப்பேயன்றிக் கொட்டும் உறுப்பன்று. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. நன்னோகொறிஸ்ரா என்பதற்குக் 'குள்ளமான கொறிஸ்ரா' என்று பொருள். ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளமான சிறகுகளைக் கொண்ட இவை, குளிர்ந்த நீரோடைகளின் கரையிலுள்ள செடிகொடிகளில் ஒதுங்கி வாழ்பவை. முதல் நோக்கில் ஈ என்றே தோன்றும். ரில்யாட் ஓர் இனத்துக்கு ஈயை ஒத்தது என்னும் பொருள்படப் பெயரிட்டமை தற்செயலன்று. ஏனைய தேளீக்களின் குடம்பிகள் தரையில், மண்ணிலும் பாசியிலும் வாழ, இக்குடும்பத்தின் குடம்பிகள் மாத்திரம் ஓடைநீரின் அடிச்சேற்றில் வாழ்கின்றன.

இவ்விடத்தில் கலைச்சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் உயிரியலைத் தமிழிற் கற்றவர்களுக்கு வருணம், குடும்பம், சாதி, இனம் என்னும் வரிசை மனப்பாடம். கலைச்சொல்லாக்கக் காலத்தில் ஐரோப்பியப் பாகுபாட்டு முறைக்கு ஈடான சொற்களைத் தேடியவர்கள் நமது சமூக அடுக்கின் சொற்களையே எடுத்து வழங்கினர். தமிழ்நாட்டார் பேரினம், சிற்றினம் என்று வேறு வழி சென்றனர். பிறப்பால் மாறாத வகுப்புகளைக் குறிக்கும் சொற்களே, காலத்தால் மாறுவதே இயல்பென்னும் கூர்ப்புக் கொள்கையைக் கற்பிக்கவும் பயன்பட்டமை கருத்துநிலை வரலாற்றில் தனியாக ஆராயப்படவேண்டியது. இக்கட்டுரையில் வழக்கு நோக்கி அச்சொற்களையே கையாளுகின்றேன், மனநிறைவோடன்று.

ரில்யாட் 1881இல் இங்கிலாந்தின் நொறிச் நகரிற் பிறந்தார். கேம்பிறிட்ஜிற் பயின்று, 1904இல் சிட்னிக்கு வந்து பாடசாலை ஆசிரியரானார். தும்பிகளில் ஈடுபாடு கொண்டு, ஆசிரியத் தொழிலைக் கைவிட்டு ஆய்வுக்கு வந்தார். 1915இல் அவருக்கு லின்னேயச் சங்கத்தின் மக்லே புலமைப்பரிசில் கிடைத்தது. அப்பரிசிலின் பெயருக்குரிய வில்லியம் மக்லே, பரந்த மேய்ச்சல் நிலங்களின் உடைமையாளர், அரசியல்வாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூ சவுத் வேல்ஸில் செம்மறி மேய்ச்சல் என்பது ஆதிக்குடிகளின் நிலத்தைக் கைப்பற்றாமல் நடவாத காரியம். ஆட்டு உரோமம் யோர்க்ஷயர் ஆலைகளுக்குச் சென்றது. அதன் உபரியில் ஒரு சிறு பகுதி, ஓர் ஆசிரியனைப் பாடசாலையிலிருந்து விடுவித்து ஓடைக்கரைப் பூச்சிகளிடம் அனுப்பியது. இதனைக் கூறுவது ரில்யாட்டின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. சிறகின் நரம்புகளை அவர் வாசித்த நுட்பத்தை அவருடைய விமரிசகர்களும் மறுத்ததில்லை. எந்த ஓய்வுநேரமும் யாரோ ஒருவரின் உழைப்பிலிருந்து வருகின்றது என்பதே இங்கு வேண்டப்படுவது.

உரோமத்தை விட நிலக்கரியே இவ்வரலாற்றில் ஆழமாகப் புகுந்துள்ளது. சிட்னிக்கு வடக்கேயுள்ள நியூகாசில் நகரின் நிலக்கரிப் படைகள் பேர்மியன் காலத்தவை. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கரி வெட்டியவர்கள் நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதற்கும் முன்னரே, 1799இல், அங்கிருந்து முதலாவது கரிக்கப்பல் சென்ற இடம் வங்காளம். இப்படைகளிலும் பெல்மொன்ற் என்னும் இடத்திலும் பூச்சிகளின் சிறகுகள் கல்லிற் பதிந்து கிடந்தன. நியூகாசில் நகரத்து ஆசிரியர் ஜோன் மிற்செல் அவற்றைச் சேகரித்து வைத்திருந்தார். அச்சேகரிப்பை ரில்யாட் ஆராய்ந்து, அவற்றுட் சில தேளீக்களின் மூதாதையரே எனக் கண்டார். உயிருள்ள நன்னோகொறிஸ்ராவையும் கல்லிற் கிடந்த சிறகுகளையும் ஒரே காலப்பகுதியில் ஒரே மேசையில் வைத்து நோக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஈக்கள், வண்ணத்துப்பூச்சிகள், தேளீக்கள் யாவும் ஒரு பொதுக் கால்வழியிலிருந்து பிரிந்தவை என்னும் அவருடைய 'பனோர்ப்பியத் தொகுதி' என்ற கருத்து 1918 முதல் தொடர்கட்டுரைகளாக உருப்பெற்றது இப்பின்னணியிலேயே.

பெல்மொன்ற், மக்குவாறி ஏரிக்கரையில் உள்ளது. அதே ஏரிக்கரையில், அவபாகல் மக்களின் மொழிக்கு லான்சலட் திறெல்கெல்ட் என்னும் பாதிரியார் எழுதிய இலக்கணம் 1834இல் வெளியாயிற்று. அதற்கு ஆசானாக இருந்தவர் பிறபான் என்னும் அவபாகல் அறிஞர். மக்கள் தொகை அருகிப்போனமையால் அப்பணிமனை 1841இல் மூடப்பட்டது. பாதிரியார் பின்னர் அவ்விடத்தில் நிலக்கரிச் சுரங்கம் நடத்தினார். கல்லிலுள்ள சிறகைப் படிக்கத் தெரிந்த ஒரு நாகரிகம், அக்கல்லின்மேல் நடந்த மனிதரின் மொழியைப் படித்து முடிப்பதற்குள் அவர்களை இல்லாதொழித்துவிட்டது.

இனி, பரம்பல் பற்றிய வினா. 1917இல் இக்குடும்பம் தென்கிழக்கு அவுஸ்திரேலியா, தஸ்மேனியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் மாத்திரம் அறியப்பட்டிருந்தது. நியூசிலாந்து இனம் அல்பிரட் பில்பொட் என்பவரின் பெயரைத் தாங்கியது. அந்துப்பூச்சிகளைத் தாமே கற்றுத் தேர்ந்தவர் அவர். பின்னாளில் நெல்சன் நகரிலுள்ள கோத்றன் நிறுவனத்தில் ரில்யாட்டின் கீழ் உதவிப் பூச்சியியலாளராக இருந்தார். ரில்யாட் அங்கே 1920இற் சென்று, அப்பிள் மரங்களைத் தாக்கும் கம்பளி அசுகுணியை ஒழிக்க ஒரு சிறு குளவியினத்தை வருவித்துப் புகழ் பெற்றமை தனிக்கதை. 1920களின் இறுதியில் சிலி, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகளின் தென்பகுதிகளிலிருந்தும் இதே குடும்பத்தின் இனங்கள் வந்துசேர்ந்தன. அவற்றுள் ஒன்றை விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு யேசுசபைக் குருவான லோங்கினோஸ் நவாஸ். இன்னொன்று, பற்றகோனியாவிற் பூச்சி சேகரித்த பிரித்தானிய நூதனசாலை அலுவலர் எட்வேட்ஸ் என்பவரின் பெயரைப் பெற்றது. 1989இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பையர்ஸ் மூன்றாவது தென்னமெரிக்க இனத்தை விவரித்தார். இன்று மொத்தம் எட்டு இனங்கள். அவுஸ்திரேலியாவும் தஸ்மேனியாவும் நான்கு, நியூசிலாந்து ஒன்று, தென்னமெரிக்கா மூன்று. ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ இலங்கையிலோ ஒன்றும் இல்லை.

குளிர்ந்த ஓடைச் சேற்றை விட்டு வெளியேறாத, பெருங்கடலைக் கடக்க இயலாத ஒரு பூச்சி பசுபிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் எவ்வாறு அமைந்தது? இது தேளீக்களுக்காக எழுந்த புதிய வினாவன்று. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தென்கடல்களிற் பயணம் செய்து திரும்பி, 1853இலேயே தென்னிலங்களின் தாவரங்கள் முன்னொருகால் தொடர்ச்சியாயிருந்த நிலப்பரப்பின் எச்சங்கள் எனக் கருத்துரைத்தார். டார்வின் அதனை ஏற்கவில்லை. விதைகள் கடலிலும் மிதக்கும் பனிப்பாறைகளிலும் சென்றிருக்கலாம் என்றார். வலஸ் கண்டங்களின் நிலைபேற்றை வலியுறுத்தினார். நெருங்கிய நண்பர்களான இவர்களுக்கிடையே இக்கருத்து வேறுபாடு இறுதிவரை தீரவில்லை. அக்காலத்துக்குக் கிடைத்தவை இரண்டு விடைகளே: ஒன்றில் உயிர் கடலைக் கடந்தது, அல்லது இடையிலிருந்த நிலம் மூழ்கியது. நிலமே நகர்ந்தது என்னும் மூன்றாவது விடை எவர் மனத்திலும் உறுதியாக உருவாகவில்லை.

மூழ்கிய நிலம் என்னும் விடையிலிருந்தே நமது கதை கிளைக்கின்றது. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலாளர் மடகஸ்காரின் லெமூர்களையும் அவற்றின் உறவினவான ஆபிரிக்க, இந்திய, இலங்கை விலங்குகளையும் ஒப்புநோக்கி, இந்து சமுத்திரத்தில் மூழ்கிய ஒரு கண்டத்தைக் கற்பித்து அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். நமது காட்டுத் தேவாங்கும் அச்சான்றுகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. யேர்மனிய விலங்கியலாளர் ஹெக்கல், மனித இனத்தின் தொட்டிலே அது என்றார். வலஸ் 1880இல் அக்கண்டத்தைத் தேவையற்ற கற்பனை எனத் தள்ளினார். ஆயின் ஒரு கருதுகோள் விஞ்ஞானிகளால் கைவிடப்படும்போது அது இறந்துவிடுவதில்லை. 1888இல் பிளவற்ஸ்கி அம்மையார் அதனைத் தமது பிரமஞான நூலிற் குடியேற்றினார். அடுத்த தலைமுறையில் தமிழறிஞர் சிலர் அதனை அடியார்க்குநல்லார் உரையிலுள்ள கடல்கோட் செய்தியோடு பொருத்தினர். எழுநூறு காவதமும் நாற்பத்தொன்பது நாடும் எனும் உரைகாரர் கணக்கு, விலங்கியலாளரின் கண்டத்தில் இடம் கண்டது.

இவ்விடத்தில் மார்க்சியவாதிகள் அவசரப்பட்டு நகைக்கவேண்டியதில்லை. 1876இல் ஏங்கெல்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1896இல் அச்சேறிய, குரங்கிலிருந்து மனிதனுக்கான நிலைமாற்றத்தில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையின் தொடக்கத்திலேயே அந்த மூழ்கிய கண்டம் இடம்பெறுகின்றது. மனிதனின் மூதாதையான குரங்கினம் இந்து சமுத்திரத்தின் அடியிற் சென்றுவிட்ட ஒரு பெருநிலத்தில் வாழ்ந்திருக்கக்கூடும் என்று அவர் கருதினார். தம் காலத்தின் சிறந்த விஞ்ஞானத்தை அவர் பின்பற்றினார்; அந்த விஞ்ஞானம் இவ்விடயத்தில் தவறியது. கட்டுரையின் மையவாதம், அதாவது கை உழைப்பால் உருவாயிற்று, உழைப்பு மொழியைக் கோரிற்று என்பது, அக்கண்டத்தின்மேல் நிற்கவில்லை. ஆகவே கண்டம் போனபின்னும் வாதம் நின்றது. நமது குமரிக்கண்ட வாதத்தில் கண்டத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன என்று வினவுவதே நேர்மையான ஒப்பீடாகும்.

எஞ்சுவது ஒன்றுமில்லை என்றும் கூறிவிட முடியாது. கடந்த பனியூழியின் உச்சத்திற் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் அப்போது நிலத்தால் இணைந்திருந்தன. கரையோரங்கள் மூழ்கியதை மனிதர் கண்டிருக்கிறார்கள். 2004 திசெம்பரில் நாமும் கண்டோம். கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் நினைவுக்கு நெய்தல் மக்களிடம் காரணம் இருந்தது. ஆனால் கரையோரத்தைக் கண்டமாக்கியது நெய்தல் மக்களின் தேவையன்று. காலனித்துவக் கல்வி பெற்று, வடமொழி மேன்மைவாதத்துக்கு விடை தேடிய ஒரு மத்தியதர வர்க்கத்துக்கு வரலாற்றுக்கு முற்பட்ட ஒரு பேரரசு வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட தேசியத்தின் தற்காப்பு என்ற வகையில் அதனைப் புரிந்துகொள்ளலாம். ஆய்வு என்று ஏற்கவியலாது. 2013இலும் 2017இலும் மொறீசியஸ் தீவின் கீழே பழங்கண்டத்துண்டு ஒன்றின் சான்று கிடைத்த செய்தி வந்தபோது குமரிக்கண்டம் நிறுவப்பட்டது என்று நம்மிடையே மகிழ்ந்தவர்கள் உண்டு. அத்துண்டு மடகஸ்காரும் இந்தியாவும் பிரிந்த காலத்தது. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அங்கே தமிழ் பேச மனிதரும் இல்லை, மனிதக் குரங்கும் இல்லை.

உண்மையில் தமிழோடு மொழியுறவு கொண்ட ஒரு பெயர் இவ்வரலாற்றில் உண்டு. அது லெமூரியாவன்று, கொண்டுவானா. இந்தியப் புவிச்சரிதவியல் அளவையகம் 1851இல் முதன்மையாக நிலக்கரி தேடுவதற்கே நிறுவப்பட்டது. நீராவிக் கப்பலுக்கும் பின்னர் புகைவண்டிக்கும் கரி வேண்டியிருந்தது. மத்திய இந்தியாவின் கரிப்படைகளை ஆராய்ந்த மெட்லிகொட், அங்கு வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரால் 1872இல் அவற்றைக் கொண்டுவானா எனக் குறித்தார். 1876இல் அப்பெயர் அச்சேறியது. அக்கரியிலுள்ள குளொசொப்ரெறிஸ் என்னும் இலைச்சுவடு நியூகாசில் கரியிலும் இருந்தது, தென்னாபிரிக்காவிலும் இருந்தது. 1885இல் ஒஸ்திரியப் புவிச்சரிதவியலாளர் சூஸ் அந்நிலங்கள் யாவும் ஒரு பெருநிலத்தின் பகுதிகள் எனக் கொண்டு, அதற்குக் கொண்டுவானாலாந்து எனப் பெயர் வைத்தார். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்கொட் குழுவினர் கைவிடாது சுமந்து வந்த கற்களிலும் அதே இலை பதிந்திருந்தது.

கோண்டி, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்திலக்கியப் பழமையைப் பெருமையாகக் கொண்ட நாம், எழுத்து மரபு வளர வாய்ப்பளிக்கப்படாத அவ்வுறவினரை அரிதாகவே நினைக்கின்றோம். உலகின் புவிச்சரிதவியல் நூல்கள் அனைத்திலும் அவர்களின் பெயர் அச்சாகிக்கொண்டிருந்த அதே தசாப்தங்களில், 1865, 1878 ஆகிய ஆண்டுகளின் வனச்சட்டங்கள் அவர்களைக் காட்டிலிருந்து விலக்கின. கோதாவரிப் பள்ளத்தாக்கின் கொண்டுவானாக் கரி சுரங்கமானது. ஹைதராபாத் நிசாமின் ஆட்சியில் காட்டுரிமைக்காகக் கிளர்ந்த கோமரம் பீம் 1940இற் கொல்லப்பட்டார். மூழ்காத ஒரு நிலத்தின் உயிருள்ள மக்கள் அவர்கள்.

சூஸின் கொண்டுவானாவும் இடையிலுள்ள நிலங்கள் தாழ்ந்து கடலானதாகவே கொள்ளப்பட்டது. நகர்வு என்னும் மூன்றாவது விடையை 1912இல் முன்வைத்தவர் அல்பிரட் வெகனர். வளிமண்டலவியலாளரான அவர் புவிச்சரிதவியலாளரின் தொழிற்குழாத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். 1915இல் நூல் வெளிவந்தது. 1926இல் அமெரிக்கப் பெற்றோலியப் புவிச்சரிதவியலாளர் சங்கம் நியூயோர்க்கில் அதனைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியது, பெரும்பாலோர் எதிர்த்தனர். வெகனர் 1930இல் கிறீன்லாந்தின் பனியில் இறந்தார். தென்கோளத்திலேயே ஆதரவு சற்று அதிகம். சிட்னியில் விலங்கியற் பேராசிரியராயிருந்த லோன்சலட் ஹரிசன் 1928இல் அவுஸ்திரேலிய விலங்கினங்களின் தோற்றத்துக்கு அக்கருதுகோளைப் பிரயோகித்தார். தென்னாபிரிக்கர் டு ரொயிற் 1937இல் நூலொன்று எழுதினார். வடக்கின் பல்கலைக்கழகங்கள் தெற்கின் பாறைகளை நேரிற் காணாதவரை தெற்கின் சான்றைப் பொருட்படுத்தவில்லை. இதனை அறிவின் மையமும் விளிம்பும் பற்றிய ஒரு பாடமாகக் கொள்ளலாமெனினும், முழுவதையும் அதற்குள் அடக்கிவிட முடியாது. கண்டத்தை நகர்த்தும் விசை எது என்பதற்கு வெகனரிடம் திருப்தியான விடை இருக்கவில்லை. எதிர்த்தவர்கள் எல்லாரும் மூடரல்லர்.

1960களில் நிலை மாறியது. கடலடித் தளம் விரிகின்றது என்பதை நிறுவிய அளவைகளுட் பெரும்பகுதிக்கு அமெரிக்கக் கடற்படை பணம் கொடுத்தது. நீர்மூழ்கிப் போருக்குக் கடலடிப் படம் வேண்டியிருந்தது. தகட்டோட்டுக் கொள்கை இவ்வாறு பனிப்போரின் உபவிளைவாகவும் பிறந்தது. முற்போக்காளர் இன்னொன்றையும் ஒளிக்காமற் கூறவேண்டும். சோவியத் புவிச்சரிதவியலின் முதன்மையாளர் பெலுசோவ் இக்கொள்கையை இறுதிவரை எதிர்த்தார். இயக்கமே பருப்பொருளின் இருப்புநிலை என்று பாடநூலிற் கற்பித்த நாட்டில், கண்டங்கள் மாத்திரம் செங்குத்தாக ஏறி இறங்கலாம், கிடையாக நகரலாகாது என்னும் கருத்து ஒரு தலைமுறைக்கு மேல் அதிகாரத்தில் இருந்தது. இயங்கியலைச் சூத்திரமாக ஓதுவது வேறு, இயங்கியலாக ஆராய்வது வேறு என்பதற்கு இலக்கிய விமரிசனத்தில் மட்டுமன்றி இங்கும் உதாரணம் உண்டு.

பூச்சியியலில் திருப்பத்தைக் கொண்டுவந்தவர் இருவர். யேர்மனியரான வில்லி ஹென்னிக், 1945இல் போர்க்கைதியாயிருந்தபோது தமது நூலை வரையத் தொடங்கி, 1950இல் பேர்லினில் வெளியிட்டார். மேற்கு பேர்லினில் வசித்துக் கிழக்கு பேர்லின் நிறுவனத்திற் பணிசெய்த அவருக்கு 1961இல் எழுந்த மதில் அப்பணியை முடித்து வைத்தது. உறவைக் காட்டுவது பொதுவான ஒப்புமையன்று. பொதுவில் புதிதாகப் பெறப்பட்ட மாற்றமே உறவைக் காட்டும் என்பது அவருடைய முறையின் சாரம். பிரதிகளை ஒப்பிட்டுச் சுவடி வழியைக் கணிக்கும் பதிப்பாசிரியர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். இரண்டு ஏடுகள் மூலபாடத்தைச் சரியாகப் பேணுவதால் உறவாகிவிடா. ஒரே பிழையைப் பகிர்வதாலேயே உறவாகின்றன. இம்முறையைச் சுவீடன் நாட்டு லார்ஸ் புறுண்டின் தென்கோள ஓடைகளின் சிறு கொசு போன்ற ஈக்களுக்குப் பிரயோகித்து 1966இல் பெருநூல் வெளியிட்டார். உறவின் கிளைகள் கண்டங்கள் பிரிந்த ஒழுங்கோடு இசைந்தன. நன்னோகொறிஸ்ராவின் குடம்பி எவற்றை வேட்டையாடி உண்கின்றதோ, அவ்வீக்களின் குடம்பிகளே கண்டங்களின் நகர்வுக்குச் சாட்சியாயின.

இதன்பின் தேளீக்களையும் கொண்டுவானாவின் வாரிசுகள் என்று எழுதுவது வழக்காயிற்று. நியூசிலாந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது; அவுஸ்திரேலியா அந்தாட்டிக்காவை விட்டு முற்றாக விலகியது ஏறத்தாழ 3½ கோடி ஆண்டுகளுக்கு முன். பூச்சி எங்கும் செல்லவில்லை, நிலம் அதனைச் சுமந்து சென்றது. அழகான விளக்கம். ஆனால் சோவியத் ஆய்வாளரும் அவர்களைத் தொடர்ந்து சீன ஆய்வாளரும் சைபீரியாவிலும் உள் மொங்கோலியாவிலும் யுராசிக் காலப் பாறைகளிலிருந்து இக்குடும்பத்துக்குரியவையெனக் கொள்ளப்படும் சிறகுகளை விவரித்தனர். அவை கொண்டுவானாவில் ஒருபோதும் சேராத நிலங்கள். ஆகவே இக்குடும்பம் தெற்கிற்கே உரியதன்று. வடக்கிலும் பரந்திருந்து, அங்கே அழிந்து, தெற்கின் குளிரோடைகளில் எஞ்சியது என்று கொள்வதே இன்று பொருத்தம். தெற்கினுள்ளே பிரிந்தமைக்குக் கண்ட நகர்வு காரணமாயிருக்கலாம். தெற்கில் மாத்திரம் இருப்பதற்குக் காரணம் வடக்கில் நிகழ்ந்த அழிவு. ஒரு மக்கள் இன்று வாழும் இடத்தையே அவர்களின் ஆதித் தாயகமாகக் கொள்ளும் வரலாற்றெழுத்து முறைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இரு தரப்பிலும் அத்தகைய எழுத்தின் விலையை இத்தீவில் நாம் நன்கறிவோம்.

இறுதியாகக் குடம்பி பற்றியும் ஹின்ரன் பற்றியும். குடும்பம் நிறுவப்பட்டு 55 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1972இல், நியூசிலாந்தின் பில்கிறிம் அதன் குடம்பியையும் கூட்டுப்புழுவையும் விரிவாக விவரித்தார். மெல்லிய கம்பிபோல நீண்டு, வயிற்றுக் கால்கள் இன்றி, சேற்றில் ஊர்ந்து இரைதேடும் அக்குடம்பி ஏனைய தேளீக்களின் மயிர்க்கொட்டி போன்ற குடம்பிகளை ஒத்திருக்கவில்லை. இரண்டாண்டுகளின் பின், அந்நியூசிலாந்துச் சாதிக்கு ரில்யாட் இட்ட பெயர் ஏற்கெனவே ஒரு மெல்லுடலிக்கு வழங்கியமை தெரியவந்து, பையர்ஸ் அதனை மைக்குறோகொறிஸ்ரா என மாற்றினார்.

பிறிஸ்ரல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹவாட் எவறெஸ்ற் ஹின்ரன் இக்குடும்பத்தை முற்றிலும் தனி வருணமாகவே பிரிக்க விழைந்தார். 1912இல் மெக்சிக்கோவிற் பிறந்த இவர், ரில்யாட்டின் பனோர்ப்பியத் தொகுதியை 1958இல் மீள ஆராய்ந்தவர், போர்க்காலத்திற் களஞ்சியத் தானியங்களை அழிக்கும் வண்டுகள் பற்றிப் பெருநூல் எழுதியவர், உறுதியான இடதுசாரி. சீனக் கிராமமொன்றின் நிலச்சீர்திருத்தத்தைப் பற்றி 'பான்ஷென்' என்னும் நூலை 1966இல் எழுதிய வில்லியம் ஹின்ரன் இவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன். 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெப்றி ஹின்ரன் இவருடைய மகன். ஹவாட் ஹின்ரன் 1977இற் காலமானார். பூச்சி முட்டைகள் பற்றிய அவருடைய மூன்று பாகப் பெருநூல் 1981இல் வெளிவந்தபோது, நன்னோமெக்கொப்ரெறா என்னும் புதிய வருணம் அதில் இருந்தது. அதனைப் பின்பற்றியோர் சிலரே.

ஆயினும் வினா மூடப்படவில்லை. 2008இல் இப்பூச்சியின் தலையமைப்பை நுணுகி ஆராய்ந்தோர், நீருணவை உறிஞ்சும் அதன் வாய்க்கும் ஈக்கள், தெள்ளுகள் ஆகியவற்றின் வாய்க்கும் பொதுமை கண்டனர். 2002இல் மரபணு ஆய்வொன்று தெள்ளுகளைப் பனித்தேளீக்களின் அருகில் வைத்திருந்தது. 2020இல் வெளியான இன்னொன்று அவற்றை நன்னோகொறிஸ்ரிடே குடும்பத்தின் அருகில் வைத்தது. தெள்ளு தனி வருணமன்று, சிறகிழந்து ஒட்டுண்ணியாகிய தேளீயே என்பது அவ்வாய்வின் முடிவு. எல்லோரும் அதனை ஏற்கவில்லை. ஏற்கப்படுமாயின், எட்டு இனங்களோடு ஓடைக்கரையில் ஒதுங்கிய இக்குடும்பத்தின் நெருங்கிய சுற்றம், கொள்ளைநோயைச் சுமந்து பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பண்ணையடிமை முறையையே உலுக்கிய பூச்சியாகிவிடும்.